அரை மில்லிமீட்டர் கவசம்

திருப்பதி மாவட்டத்தில் (2022வரை சித்தூர் மாவட்டம்) இருக்கும் நாகலாபுரத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் அங்கே கோயில் கொண்டிருப்பவர் மச்ச அவதாரப் பெருமாள். இடுப்புக்கு மேலே மனித உருவம், கீழே மீன். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலாம்பாவின் பெயரால் அமைத்த ஊர் என்பது வழிவழிச் செய்தி. மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள் மாலைச் சூரியனின் கதிர்கள் கருவறைவரை சென்று மூர்த்தியின் மேல் விழுவதைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் வருகிறது. பிரளயத்தில் தத்தளித்த படகைத் தன் கொம்பில் கட்டி இழுத்துக் காப்பாற்றியது மீன் என்கிறது புராணம். அந்தப் படகில் ஓட்டை விழுந்திருந்தால் யார் அடைத்திருப்பார்கள் என்று புராணம் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்து மலைகளில் பெய்யும் மழை ஆரணியாற்றில் சேர்ந்து, பிச்சாட்டூர் அணையையும் ஊத்துக்கோட்டையையும் கடந்து பழவேற்காட்டுக்குப் போகிறது. அங்கே அந்தக் கேள்வி தினசரிக் கேள்வி. கரையில் வரிசையாகக் கிடக்கும் ஃபைபர் படகுகளில் ஒட்டுப் போடாத படகைத் தேடத்தான் வேண்டும். ஒரு பக்கம் வெள்ளைத் திட்டு, இன்னொரு பக்கம் எம்-சீல் பூசிய சாம்பல் திட்டு. ஒவ்வொரு திட்டும் ஒரு விபத்தின் நினைவுச் சின்னம்.

கட்டுமரத்துக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மரங்களுக்கிடையே தண்ணீர் வரும், போகும். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்துக் காயப்போட்டால் போதும். பலகைப் படகுகளுக்குக் கலப்பற்று உண்டு: இடுக்குகளில் பஞ்சோ நாரோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். இந்த வித்தைகள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தன. கண்ணாடி இழைப் படகு அப்படி வரவில்லை. எண்பதுகளிலிருந்தே பரவத் தொடங்கியிருந்தாலும், அதைக் கரையெங்கும் கொண்டுவந்து குவித்தது 2004 டிசம்பர் 26 சுனாமிதான். நிவாரணப் படகுகளுக்குக் கிராக்கி ஏற, படகு வார்க்கும் கூடங்கள் அவசரமாக முளைத்தன. படகு வந்தது. பழுது பார்க்கும் அறிவு பின்னால்தான் வந்தது, அதுவும் தவணை முறையில்.

ஃபைபர் படகின் உடம்பில் பளபளவென்று தெரிவது பெயின்ட் அல்ல. அதன் பெயர் ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின். அச்சில் முதலில் பூசப்படுவது அதுதான். அதன் மேல்தான் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் மாறி மாறிப் படிகின்றன. கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பாயை வெயிலிலிருந்தும் உப்புத் தண்ணீரிலிருந்தும் காப்பது இந்த மெல்லிய தோல். மணலில் இழுபட்டு அடிப்பக்கம் தேய்ந்தாலோ, கல்லில் மோதிச் சிலந்தி வலைபோல விரிசல் விட்டாலோ தண்ணீர் இழை வழியே ஊறத் தொடங்குகிறது. படகு கனக்கும். அதே இன்ஜினுக்கு அதிக எரிபொருள் செலவாகும். கடைசியில் பாய் அடுக்கடுக்காகப் பிரியும். ஆரம்பத்தில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை, அலட்சியத்தால் பல ஆயிரமாக வளர்கிறது.

வேலை கஷ்டமானதல்ல, பொறுமை கேட்பது. விரிசலின் மேலே பூசினால் சில நாளில் உதிர்ந்துவிடும். விரிசலை 'வி' வடிவத்தில் சுரண்டித் திறக்க வேண்டும். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உள்ளே இழைப்பாய் கிழிந்திருந்தால் முதலில் பாய், பிறகுதான் ஜெல். நூறு கிராம் ஜெல்கோட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கேட்டலிஸ்ட். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விடும். குறைத்தால் இறுகவே இறுகாது. உச்சி வெயில் இந்த வேலைக்கு எதிரி.

பலர் தோற்பது இதற்குப் பிறகு. பூசியது மறுநாளும் பிசுபிசுவென்று ஒட்டும். சரக்கு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். காரணம் காற்று. ஆக்சிஜன் படும் மேற்பரப்பில் சாதாரண ஜெல்கோட் முழுதாக இறுகாது. அச்சுக்குள் காற்றுக்கு வழியில்லாததால் அங்கே இந்தப் பிரச்சினை எழுவதில்லை. மெழுகுக் கரைசல் கலந்த சரக்கு வாங்கலாம். அல்லது பூசியதும் ஒரு பிளாஸ்டிக் தாளைக் குமிழி இல்லாமல் ஒட்டிவிடலாம். இறுகிய பிறகு தாளை உரித்து, தண்ணீர் தொட்டு, சொரசொரப்பு உப்புத்தாளில் தொடங்கி நைசானதுவரை தேய்த்தால் தழும்பு தெரியாது.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கைகளும் உண்டு. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளுக்குக் கைக்குட்டை போதாது. கரையில் கண்ணாடியும் முகமூடியும் அணிந்து வேலை செய்பவர்கள் அபூர்வம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு பரவியபோது படகுகள் கறுத்துப் போயின. 787 படகுகளைச் சீராக்கத் தலா 10,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு படகைத் துடைத்து, தேய்த்து, புதுத் தோல் போர்த்த ஆகும் செலவை, கடலுக்குப் போகாத நாட்களின் நஷ்டத்தோடு சேர்த்துத்தான் மீனவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கூலிக்கு ஆள் வைத்தால் அந்தத் தொகை சீக்கிரம் கரையும். வேலை தெரிந்த கை வீட்டிலேயே இருந்தால் கொஞ்சம் மிஞ்சும்.

ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் புதுப் படகு தரப் பலர் முன்வருகிறார்கள். படத்துக்கு அழகாக இருப்பது அதுதான். ஒரு டப்பா ஜெல்கோட்டையும் இரண்டு நாள் பயிற்சியையும் கொடுப்பதில் விழா எடுக்க எதுவும் இல்லை. ஆனால் கொடுத்த படகு எத்தனை வருஷம் மிதக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அரை மில்லிமீட்டர்தான்.