ஆயிரம் மலைகளின் நாடு

கிகாலி நகரைத் தாண்டினால் எங்கும் மலைச்சரிவுகள், வாழைத் தோட்டங்கள், குழந்தையை முதுகில் கட்டியபடி நடக்கும் தாய்மார். இது ஆபிரிக்காவின் ருவாண்டா. 1994 இல் ஏறக்குறைய 100 நாட்களில் சுமார் 8 இலட்சம் பேர் இங்கே கொல்லப்பட்டனர். வைத்தியர்களும் தாதியரும்கூடத் தப்பவில்லை.

இன்று பிற நாடுகள் இந்நாட்டைப் பார்த்துப் படிக்கின்றன. காரணம் 1995 இல் தொடங்கிய கிராம சுகாதாரத் தொண்டர் திட்டம். ஊரவர்களே கூடித் தமக்குள் நம்பிக்கையானவர்களைத் தெரிவு செய்கின்றனர். அவர்கள் பயிற்சி பெற்று, சிறுவர்களின் மலேரியாவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுக்கின்றனர். பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கின்றனர். கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குச் சுகாதார நிலையம் அனுப்புகின்றனர். குடும்பங்கள் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தும் சுகாதாரக் காப்புறுதியும் உண்டு. மிக வறியோரின் பங்கை அரசு ஏற்கிறது.

2000 ஆம் ஆண்டு ஆய்வின்படி 1,00,000 பிறப்புகளுக்கு 1,071 தாய்மார் இறந்தனர். 2019-20 ஆய்வில் அது 203 ஆகக் குறைந்தது.

குறையும் உண்டு. தொண்டர்களுக்கு நிலையான மாதச் சம்பளம் இல்லாமலே திட்டம் வளர்ந்தது. பெண்களின் உழைப்பை இலவசமாக எதிர்பார்ப்பதைப் பிற நாடுகள் பின்பற்றக் கூடாது.

சகோதரிகளே, கட்டடங்கள் எழும்ப முன்பே அயலவரின் அக்கறை உயிர் காக்கும் என்பதே அந்த மலைகள் தரும் பாடம். எங்கள் வீடு தேடி வரும் குடும்பநல மாதுவிடம் எதையும் மறைக்காமல் பேசுவோம். தனித்திருக்கும் அயல்வீட்டுக் கர்ப்பிணியையும் அவரிடம் அழைத்துச் செல்வோம்.