பெயர், பேட்டை, விஷயம்

நியூயார்க்,
நவம்பர் 2025

அன்புள்ள கமலா,

சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுதுவேன் என்று காத்திருப்பாய். படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள், காற்றுதான் ஆளையே தள்ளியது. உனக்கு எழுத வேண்டியது வேறொன்று. மகள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் ஒரு ரேடியோ இருக்கிறது. அவர்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு இந்த வீட்டில் பேசுவது அது ஒன்றுதான்.

நிலையத்தின் பெயர் டபிள்யூ.என்.ஒய்.சி. எஃப்.எம்மில் 93.9. திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை பிரையன் லேரர் என்பவர் ஊர்க்காரர்களோடு பேசுகிறார். 1989-இல் ஆரம்பித்தவர், இன்னும் ஓயவில்லை. குரலை உயர்த்த மாட்டார், சிரித்து மழுப்ப மாட்டார். நம் பழைய பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த சாரை நினைத்துக்கொள், அந்த நிதானம்.

ஒருவர் போன் செய்தால் நேரே அவரிடம் போய்விடாது. முதலில் உள்ளே இருக்கும் உதவியாளர் எடுத்து, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வார். பெயர், பேட்டை, விஷயம் மூன்றும் லேரருக்கு எதிரே திரையில் வந்துவிடும். குடும்பப் பெயர் கிடையாது, உத்தியோகம் கிடையாது. இன்னார், ஜாக்சன் ஹைட்ஸ். இன்னார், பிளாட்புஷ். அவ்வளவுதான் அறிமுகம். நம் எஃப்.எம்களில் சாப்பிட்டாச்சா, என்ன பாட்டு வேணும், யாருக்கு டெடிகேட் பண்றீங்க என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இங்கே பேச வந்தவர் முதல் வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்தாக வேண்டும். 'ரொம்ப நாளாகக் கேட்கிறேன், இப்போதுதான் முதல்முறை பேசுகிறேன்' என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. அது இங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

சில வாரம் கேட்ட பிறகுதான் இந்த மனிதரின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. 'இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று அவர் அதிகம் கேட்பதில்லை. 'இது உங்களுக்கு நடந்திருக்கிறதா' என்றுதான் கேட்கிறார். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. இந்த ஜனவரி 5-ஆம் தேதி முதல் மன்ஹாட்டனில் அறுபதாம் தெருவுக்குத் தெற்கே கார் நுழைந்தால், நெரிசல் நேரத்துக்கு ஒன்பது டாலர் கட்டணம். அது சரியா தப்பா என்று கேட்டிருந்தால் நம் டிவி விவாதம் மாதிரி நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தியிருப்பார்கள். பாலம் தாண்டி வண்டியில் வருகிறவர்களே, உங்கள் பயண நேரம் குறைந்ததா, சரக்கு இறக்குகிறவர்களே, உங்கள் கணக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி கேட்டால், வருகிறவர்கள் சாட்சிகளாக வருகிறார்கள். வீட்டு வேலை செய்கிறவர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள் என்று குறிப்பிட்டு ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் லைனைத் திறந்துவிடுவதும் உண்டு. மற்றவர்கள் அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கருத்து எல்லோரிடமும் இருக்கிறது கமலா, தகவல்தான் அவரவரிடம் இருக்கிறது.

2007-இல் நேயர்களுக்கு வேலையே கொடுத்திருக்கிறார். உங்கள் தெருவில் நிற்கும் பெரிய எஸ்.யூ.வி வண்டிகளை எண்ணிச் சொல்லுங்கள் என்றார். அப்புறம், பக்கத்துக் கடையில் பால், லெட்யூஸ் கீரை, பீர் மூன்றும் என்ன விலை என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். ஒரே ஊரில் பேட்டைக்குப் பேட்டை விலை எப்படி மாறுகிறது என்று வரைபடமாகவே வந்துவிட்டது. 2010 டிசம்பரில் பெரும் பனி கொட்டியபோது, எந்தத் தெருவில் இன்னும் பனி அள்ளவில்லை என்று நேயர்கள் சொல்லச் சொல்ல அதையும் வரைபடமாக்கினார்கள். 2007-ஆம் ஆண்டுக்கான பீபாடி விருது இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. அமெரிக்க ஒலிபரப்பில் அதற்கு மேல் பெரிய பேர் கிடையாது.

மேயர் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். டி பிளாசியோ மேயராக இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் இதே நிகழ்ச்சிக்கு வந்து ஊர்க்காரர்களுக்குப் பதில் சொன்னார். நம் கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாள் மாதிரிதான், ஆனால் மனுவை ஊரே கேட்கும். எலி, குப்பை, பஸ் வரவில்லை, சைக்கிள் பாதையை மறித்துப் போலீஸ் வண்டி நிற்கிறது. அவர் அடிக்கடி சொன்ன பதில், 'உங்கள் விவரத்தை நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள், எங்கள் ஆட்கள் கூப்பிடுவார்கள்' என்பது. மருமகனுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வருமாம். எனக்கு வரவில்லை. கொள்கை விளக்கத்தை எந்த மேயரும் மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். ஒரு கிழவி தன் தெரு முனைக் குப்பையைப் பற்றிக் கேட்டால் அதற்குத் தயார் செய்துகொண்டு வர முடியாது. ஆள் யார் என்று அங்கேதான் தெரிகிறது.

மேயர்களுக்கும் இந்த நிலையத்துக்கும் உறவு பழையது. 1924 ஜூலை 8-ஆம் தேதி நகராட்சியே தொடங்கிய ரேடியோ இது, நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில். 1945-இல் பத்திரிகை போடுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழந்தைகளுக்குப் படக்கதை கிடைக்கவில்லையே என்று மேயர் லகார்டியா மைக் முன்னால் உட்கார்ந்து படக்கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாராம். ஐம்பது வருஷம் கழித்து இன்னொரு மேயர், ஜூலியானி, நிலையத்தையே விற்பதாக அறிவித்தார். ஊருக்கு எதற்கு ரேடியோ என்பது அவர் கணக்கு. நேயர்கள் பணத்தில் நடக்கும் ஓர் அறக்கட்டளை இரண்டு கோடி டாலருக்கு உரிமங்களை வாங்கி, 1997-இல் சொந்தக்காலில் நின்றது. நாலு வருஷத்தில் உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்த எஃப்.எம் கோபுரம் கட்டடத்தோடு போய்விட்டது. ஏ.எம் அலைவரிசையை வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

அறக்கட்டளை என்றதும் புனிதமாக எண்ணிக்கொள்ளாதே. வருஷத்தில் சில வாரம் நன்கொடை கேட்டே உயிரை வாங்கிவிடுவார்கள். பணம் கட்டினால் துணிப்பை தருவார்கள். மகள் வீட்டு அலமாரியைத் திறந்தால் பையாகக் கொட்டுகிறது. ஆனாலும் யோசித்துப் பார். நம் ஊரில் ஆகாசவாணி அரசாங்கத்துடையது. தனியார் எஃப்.எம்முக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியே இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே வாங்கிப் போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் அதே கட்டுத்தான். சினிமாப் பாட்டைத் தவிர அவர்கள் வேறு எதைப் பேசுவார்கள் என்று நாம்தான் சலித்துக்கொள்கிறோம்.

மதியம் பன்னிரண்டுக்கு அலிசன் ஸ்டூவர்ட் வருவார். நாடகம், புத்தகம், இசை என்று கலைப் பக்கம். பொது நூலகத்தோடு சேர்ந்து ஒரு வாசகர் வட்டமும் நடத்துகிறார். அந்த நேரத்தில்தான் நான் சோறு வடிப்பேன், பாதி காதில் விழும்.

குறை இல்லையா என்பாய். இருக்கிறது. பத்து மணிக்குப் போன் பிடித்துக் காத்திருக்க யாரால் முடியும்? இங்கே ரூஸ்வெல்ட் அவென்யூ ரயில்பாதைக்கு அடியில் நடந்தால் ஸ்பானிஷ், வங்காளம், நேபாளி என்று காதில் விழுகிறது. அந்தக் கடைகளின் அடுப்படியில் நிற்கிறவர்களின் குரலை ரேடியோவில் நான் அதிகம் கேட்கவில்லை. இங்கிலீஷ் சரளமாக வந்தால்தான் அந்த உதவியாளரைத் தாண்ட முடியும் போலிருக்கிறது. இந்த மாதம் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மம்தானி, நம் மீரா நாயரின் மகன், சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு வாடகையை ஏற்றவிடமாட்டேன் என்று சொல்லி ஜெயித்திருக்கிறார். தேர்தலுக்கு முந்தைய மேயர் வேட்பாளர் விவாதத்தில் கேள்வி கேட்ட மூவரில் லேரரும் ஒருவர். அந்த வாடகை வீடுகளில் எத்தனை சமையற்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் குரலைத்தான் அதிகம் கேட்கவில்லை!

இன்னொரு விஷயமும் நடந்திருக்கிறது. 1967-இல் சட்டம் போட்டு, பொது ரேடியோவுக்கும் டிவிக்கும் மத்திய அரசு பணம் கொடுக்க ஒரு கழகம் வைத்தார்கள். இந்த ஜூலையில் அதற்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைப் பாராளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. கழகம் கடையைக் கட்டுகிறது. நியூயார்க்குக்கு அது சிறு பங்குதான், பணக்கார நேயர்கள் ஈடுகட்டிவிடுவார்கள். ஆனால் அலாஸ்காவில் பெத்தல் என்று ஒரு ஊர். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, விமானம் அல்லது ஆறு. அங்குள்ள கே.ஒய்.யூ.கே நிலையம் யூபிக் மொழியிலும் இங்கிலீஷிலும் பேசுகிறது. அதன் வருமானத்தில் பெரும்பகுதி இந்தக் கழகத்திடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்த அக்டோபரில் ஒரு புயலின் மிச்சம் அந்தக் கரையோரக் கிராமங்களில் வீடுகளையே பெயர்த்து மிதக்கவிட்டபோது, ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ரேடியோவைத்தான்.

நியூயார்க் நிலையத்துக்கு மாதாமாதம் கட்டுவதில் பாதியைப் பெத்தலுக்கு அனுப்பலாம் என்கிறார் மருமகன். மகள், 'நம்ம ஊர் ரேடியோவை நாமே விட்டா யார் பாத்துக்குவா' என்கிறாள். நான் மருமகன் பக்கம், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, எழுது.

அன்புடன்,
கோமதி