பின்விளக்கு

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்கள் உயிர்பெற்றுவிடும். புல் செதுக்கி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரிகளை ஏற்றி, மரித்தோர் பெயர்களைச் சொல்லிச் செபிக்கிறோம். அந்தப் பெயர்களுள் ஒன்றை நாம் சொல்லும்போது மட்டும் நா தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தை இம்மாத இதழில் குடும்பங்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அப்போது காவிரிக் கரையிலுள்ள ஒரு பங்கில் பணியாற்றி வந்தோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கு நமக்கு நண்பரானார். ஊரார்க்கு அவர் 'வாத்தியார்'; நமக்கும் அப்படியே. பங்கில் மோட்டார் வண்டி இருந்தபோதிலும், மாதத்தின் முதற்சனியன்று பூண்டி மாதா திருத்தலத்திற்கு இருவரும் சைக்கிளிலேயே செல்வது வழக்கமாயிற்று. விடியுமுன் புறப்பட்டு, கல்லணைச் சாலையில் திருக்காட்டுப்பள்ளியைக் கடந்து, வீரமாமுனிவர் எழுப்பியதாகப் போற்றப்படும் அவ்வாலயத்தின் காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேருவோம். செபமாலையின் முற்பாதியை அவர் சொல்ல, பிற்பாதியை நாம் சொல்லுவோம். மேட்டில் மிதிக்கையில் மூச்சு வாங்கும், அருள்நிறை மந்திரம் பாதியில் நிற்கும், இருவரும் சிரித்துவிடுவோம்.

சைக்கிளோட்டிகளுக்கென்று மாதா ஒருவர் உண்டு என ஒருநாள் அவரிடம் கூறினோம். இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மலையுச்சியில் கிசால்லோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. 1949-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். பந்தய வீரர்களின் சைக்கிள்கள் அங்கே சுவர்களில் மாட்டப்பட்டுள்ளன. 1995-இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் விழுந்து மாண்ட ஃபாபியோ கசார்த்தெல்லி என்னும் இளைஞனின் சிதைந்த சைக்கிளும் அவற்றுள் ஒன்று. இதைக் கேட்ட வாத்தியார் சற்று மௌனமாயிருந்து, "மாதாவுக்கு நகை போடுறாங்க, பட்டு சாத்துறாங்க. உடைஞ்ச சைக்கிளையும் ஏத்துக்கிறாங்களே, அதுதான் சாமி தாய்" என்றார்.

வழி தெரிந்தவர் என்பதால் எப்போதும் அவரே முன்னே செல்வார்; நாம் பின்தொடர்வோம். ஆகவே அவர் சைக்கிளில் டைனமோ முன்விளக்கு மட்டும் இருந்தது. பின்னாலிருந்து வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி, திருச்சிக் கடைத்தெருவில் சிவப்பு விளக்கொன்றை வாங்கி வந்து, தம் கையாலேயே நம் சைக்கிளில் முடுக்கினார். இருவருக்கும் ஒரு விளக்குப் போதும் என்பது அவர் கணக்கு.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாத முதற்சனி. வெளியே கடும் மூடுபனி. வாத்தியாரின் சைக்கிள் மணி வழக்கம்போல் நம் வாசலில் ஒலித்தது. முந்திய இரவு நெடுநேரம் விழித்திருந்து பங்குக் கணக்கை எழுதியிருந்தோம். உடல் எழ மறுத்தது. சன்னல் வழியே, "நீங்கள் போய் வாருங்கள், வாத்தியாரே. அடுத்த மாதம் வருகிறோம்" என்றோம்.

"தூங்குங்க சாமி. உங்களுக்கும் சேர்த்து ஒரு திரி ஏத்திட்டு வர்றேன்" என்று சொல்லிச் சென்றார்.

அதுவே அவர் நம்மிடம் பேசிய கடைசி வார்த்தை. பின்னால் வந்த சரக்கு வேன் அவரை மோதியது. ஓட்டுநர் தப்பியோடவில்லை. "பனியில் ஒன்றும் தெரியவில்லை, பின்னால் விளக்கில்லை" என்று அழுதபடி நின்றான். அந்த விளக்கு பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில், நம் சைக்கிளில், ஒரு குறையுமின்றி இருந்தது.

மற்றொரு துயரத்தைத் தேநீர்க் கடைக்காரர் பின்னர் சொன்னார். ஆம்புலன்சு வருமட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றனராம். அவருக்கு மூச்சிருந்தது. ஆயினும் போலீசு, சாட்சி, வழக்கு என்ற அச்சத்தால் ஒருவரும் அருகில் செல்லவில்லை. நல்ல சமாரியன் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் அவ்வட்டாரத்தில் விளக்கியிருக்கிறோம்! அதில் விலகிச் சென்ற குருவைப் பற்றி இனி எந்த முகத்தோடு பேசுவது? அன்று விலகிப் படுத்திருந்த குரு நாமல்லவா?

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் அவர் மனைவியைக் காணச் சென்றோம். விளக்கின் கதையை மறைக்காமல் சொன்னோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மறுபுறம் முழந்தாளிட்டவனைப் போலிருந்தது நம் நிலை. அந்த அம்மாள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. கடைசியில், "அந்த விளக்கை எனக்குக் கொடுங்க சாமி. பேரன் டியூசன் முடிச்சு இருட்டுலதான் வர்றான். அவன் சைக்கிள்ல மாட்டணும்" என்றார்.

அன்று மாலையே நாமே சென்று அதை முடுக்கிவிட்டு வந்தோம். அந்த அம்மாள் கேட்ட விளக்கைவிடப் பொருத்தமான பரிகாரத்தை நமக்கு யாரும் விதித்திருக்க முடியாது.

இப்போது காலம் சற்று மாறியிருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்கில்லை. தம் பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. சட்டம் அச்சத்தை நீக்கிவிட்டது. அன்பை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

எனவே, அன்புக் குடும்பங்களே, இந்நவம்பரில் உங்களிடம் மூன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுச் சைக்கிள் ஒவ்வொன்றிலும் பின்விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள். சாலையில் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால் 108-ஐ அழைத்து, அவர் அருகிலேயே இருங்கள். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, சாலையில் மாண்ட ஆன்மாக்களுக்காக ஒன்றைக் கூடுதலாக ஏற்றுங்கள். வாத்தியார் அன்று நமக்காக ஏற்ற எண்ணிய திரி ஏற்றப்படவில்லை. அதை ஆண்டுதோறும் அவருக்காக நாம் ஏற்றி வருகிறோம்.