பாலைத் துறந்தவளும் யாழ்நகரத்துப் பாலப்பமும்

"சைவ உணவகம்" என்ற பலகையைக் கண்டால், இனி எதையும் விசாரிக்க வேண்டுவதில்லை என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கென வெளிநாட்டிலிருந்து வந்த எம் மருமகளோடு யாழ்நகரைச் சுற்றியபோது அவ்வெண்ணம் மாறியது.

அவள் ஊனும் முட்டையும் மட்டுமன்றி, பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் நீக்கியவள். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர் சங்கம் அமைத்து "வீகன்" எனப் பெயரிட்ட இந்நெறியை இக்காலத் தமிழில் நனிசைவம் என்பர். "பாலும் தயிரும் இல்லாமல் பிள்ளை எதைத்தான் தின்னும்?" என்று அவளுடைய அம்மம்மா கலங்கினார். முதலிரு நாளும் உறவினர் வீடுகளில் வாழைப்பழமும் இளநீருமே அவளுக்கு ஆகாரமாயின. இப்பெண் இனி இவ்வூருக்கு வருவாளோ என்ற கவலை எமக்கும் உண்டாயிற்று.

மூன்றாம் நாள் காலை பெரியகடைப் பக்கத்திலே ஒரு சைவக் கடையிற் புகுந்தோம்.

"தம்பி, தோசைக்கு நெய்யா, நல்லெண்ணெயா?"

"நல்லெண்ணெய்தான் ஐயா. கேட்பவர்களுக்கு மாத்திரமே நெய்."

தோசையும் இட்டலியும் உழுந்து வடையும் தடையின்றி நடந்தேறின. மதியம் வாழையிலைச் சாப்பாட்டிலேதான் விழிப்பு வேண்டியிருந்தது. தயிரையும் பாயசத்தையும் கண்டவுடன் விலக்கினாள்; கேசரியில் நெய் மணத்தது. ஆனால் மோர்மிளகாயை நாமே மறந்துவிட்டோம். மோரில் ஊறிக் காய்ந்ததன்றோ அது! அவளே அதனை மெல்ல ஒதுக்கி வைத்தாள்.

மறுநாள் திருநெல்வேலிக்குச் சென்றோம். அங்கே மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் "அம்மாச்சி" உணவகம் உள்ளது. கண்ணெதிரே சமைத்துச் சுடச்சுடத் தரும் இடம் அது, முற்றும் சைவம், விலையும் எளியோர்க்கு ஏற்றது. பாலப்பம் என்ற பெயரைக் கேட்டதும் எம் மருமகள் கையைப் பின்னிழுத்தாள். சுட்டுக்கொண்டிருந்த அம்மையார் நகைத்து, "இது மாட்டுப்பால் இல்லைப் பிள்ளை, தேங்காய்ப்பால்!" என்றார்.

அவ்வொரு சொல்லில் எம் கவலை தீர்ந்தது. யாழ்ப்பாணத்து அடுக்களையிற் பால் என்றால் பெரும்பாலும் தேங்காய்ப்பால் அன்றோ? இடியப்பத்துக்குச் சொதி வைக்கும் முறையைப் பாருங்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் இரண்டாம் பாலில் வேகும். பின்னர் தடித்த முதற்பால் சேரும். இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுவர், அன்றேல் திரைந்துவிடும். இலைக்கஞ்சியும் தேங்காய்ப்பாலிலே காய்ச்சப்படுவது. குரக்கன் புட்டுக்குத் தேங்காய்ப்பூ. உழுத்தங்களிக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும். இவற்றில் எதற்கும் பசுவின் தயவு தேவையில்லை.

இந்நகருக்கு வரும் நனிசைவர் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே. நெய்யா எண்ணெயா என்று தயங்காது கேளுங்கள். தேநீரை வெறுந்தேநீராகக் கேளுங்கள். சைவமல்லாக் கடைகளிற் சம்பலில் மாசி கலந்திருக்கக் கூடும். அங்கே இருமுறை கேளுங்கள்.

புறப்படும் நாட் காலையில் அம்மம்மா இடியப்பமும் சொதியும் பரிமாறினார். பேர்த்தி மூன்றாம் முறையும் சொதிக்குக் கை நீட்டினாள். "இதைத்தானே பிள்ளை நாங்கள் நாள்தோறும் காய்ச்சுகிறோம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே!" என்று கடிந்தவரின் கண்கள் பனித்திருந்தன. அடுத்த திருவிழாவுக்கும் வருவதாக அவள் அவ்விடத்திலேயே வாக்களித்தாள்.