கப்ப எங்க போச்சு?

திருத்தணியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அக்கா மகளின் பள்ளியிலிருந்து வந்தது. பிள்ளை மொழிகளைக் கலந்து பேசுகிறாள், வீட்டில் தெலுங்கைக் குறையுங்கள் என்று எழுதியிருக்கிறது. அது வந்த நாளிலிருந்து அம்மா பேத்தியிடம் வாயைத் திறக்குமுன் ஒரு நொடி நிற்கிறாள்.

எனக்கும் இதேதான் நடந்தது. ஒண்ணாங்கிளாஸில் ஒரு டீச்சர் சொன்னார் என்று அம்மா என்னிடம் தமிழுக்கு மாறிவிட்டாள். இன்றைக்கு எனக்குத் தெலுங்கு முழுக்கப் புரியும், பதில் மட்டும் தமிழில்தான் வரும். இன்பாக்ஸ் உண்டு, சென்ட் பட்டன் இல்லை. அம்மா சொல்லி நான் கேட்ட கதைகள் அந்த வயதோடு நின்றுவிட்டன.

1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தது. எங்கள் தெருவில் யாரும் அதற்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நின்று பாருங்கள், காவடியோடு படியேறும் கூட்டத்தில் இரண்டு மொழியிலும் முருகனைக் கூப்பிடுவார்கள்.

போன மாதம் சித்தி மகள் வந்திருந்தாள். மொழியியல் எம்.ஏ. படிக்கிறாள். இருமொழிக் குழந்தைகள் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்பதுதான் ப்ராஜெக்ட். முதலில் நம் வீட்டுப் பிள்ளையிடம் பழகிப் பார்க்கிறேன் என்று ஒரு படப் புத்தகத்தை எடுத்தாள். மெர்சர் மேயர் 1969இல் வெளியிட்டது, 24 படங்கள், ஒரு எழுத்து கிடையாது. ஜாடியிலிருந்து ஓடிப்போன தவளையை ஒரு பையனும் நாயும் தேடுகிறார்கள், அவ்வளவுதான். ரூத் பெர்மனும் டான் ஸ்லோபினும் ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஹீப்ரு, துருக்கி பேசுபவர்களை இதே படங்களுக்குக் கதை சொல்லவைத்து 1994இல் ஒரு பெரிய புத்தகமே கொண்டுவந்தார்கள். ரஷ்யனும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளும் இந்தத் தவளையைத் தேடியிருக்கிறார்கள்.

முதலில் தமிழ். "பையன் இருக்கான். நாய் இருக்கு. தவளை போயிடுச்சு." வருகைப் பதிவு எடுப்பதுபோல் ரெண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

அப்புறம் தெலுங்கில், அவ்வாவுக்கு. "அனகனகா" என்று ஆரம்பித்தாள். கப்ப பாரிப்போயிந்தட்ட. நம் 'ஓடிப்போச்சாம்' மாதிரி, அந்த 'அட்ட' வந்ததுமே கதை வேறு யாரோ கண்டு சொன்னதாகிவிடுகிறது. நாய் ஜன்னலிலிருந்து விழுந்ததற்குப் பையன் திட்டினான், ஆந்தை பயமுறுத்தியது, தவளைக்கு அதன் அம்மா ஞாபகம் வந்தது. படத்தில் இல்லாததெல்லாம் வந்தது. பார்த்தியா, தெலுங்குதான் இவளுக்குக் கதை மொழி என்று நான் குதித்தேன்.

தங்கை என்னை அடக்கினாள். "இருண்ணா. ரெண்டாவது தடவை சொல்றா, கதை ஏற்கெனவே தெரியும். போன் நீட்டிக்கிட்டு நான் உக்காந்திருந்தேன், அங்க அவ்வா. எது காரணம்னு எப்படிச் சொல்லுவே?" ஒரே நேரத்தில் மூன்று வேரியபிளை மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழிபோடுவதை ஆபீஸில் ஜூனியர் செய்தால் நான் விடமாட்டேன். ஆராய்ச்சியில் பாதிக் குழந்தைகளைத் தெலுங்கில் தொடங்கவைக்கப் போகிறாளாம்.

'கலப்பு' பற்றியும் கேட்டேன். டீச்சர் நோட்டில் சிவப்பில் சுழித்திருந்தது, "அவ்வா வந்துச்சு" என்ற வாக்கியம். தெலுங்கில் ஒரு பெண் வந்தாலும் நாய் வந்தாலும் 'வச்சிந்தி'தான், அதனால் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் எங்கள் தெருவில் தமிழ் மட்டுமே பேசும் வீட்டிலும் "அம்மா வந்துச்சு"தானே? எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்கே குழப்பம். தெலுங்கை நிறுத்தினால் இது நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் போனை உள்ளே வைத்துவிட்டு, அவ்வாவுக்கே இந்தத் தடவை தமிழில் சொல்லச் சொன்னோம். நீளமாகவே சொன்னாள். நடுவில் 'கப்ப'யும் 'தவளை'யும் மாறி மாறி வந்தன.

கடைசிப் படத்தில் தவளைக் குடும்பம் மரக்கட்டைமேல் உட்கார்ந்து பார்க்க, பையன் ஒரு குட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறான். அம்மா அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு தெலுங்கில் கேட்டாள், தாயிடமிருந்து பிள்ளையை ஏன் எடுத்துப் போகிறான் என்று. சீட்டை மறந்துவிட்டாள்போல. அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மகள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள்.

"நாளைக்கே கொண்டாந்து விட்டுடுவானாம், அவ்வா."