மண்ணுக்கும் ஒரு செக்கப்!

ஆபீஸில் முப்பதைத் தொட்டவனெல்லாம் ஷுகர், கொலஸ்ட்ரால் என்று ரிப்போர்ட்டும் கையுமாக அலைகிறான். சோறு போடுகிற மண்ணுக்கு யாராவது டெஸ்ட் எடுக்கிறோமா?

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். அப்பாவுக்கு சர்வரோக நிவாரணி யூரியாதான்! பக்கத்து வயல் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிந்தால் போதும், ரோஷத்தில் இன்னும் அரை மூட்டை. யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. அளவு மீறினால் இலை தளதளவென்று வளரும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் விருந்துக்கு வரும். காற்றடித்தால் பயிர் படுத்துவிடும். மூன்று வருஷம் நஷ்டம்.

"வித்துட்டு உன்னோடயே மெட்ராஸ் வந்துடறேண்டா" என்றார். எனக்குப் பகீரென்றது.

"முதல்ல மண்ணை டெஸ்ட் பண்ணிடலாம்ப்பா."

அறுவடையான வயலில் வரப்போரம், மர நிழல், எருக்குழி தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி. பக்கவாட்டில் மண்ணைச் சீவி, கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம்.

ரிப்போர்ட்டில் துத்தநாகம் பற்றாக்குறை, கரிமச்சத்தும் குறைவு! தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதார். நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினார். யூரியாவைக் குறைத்து, தவணையாகப் பிரித்துப் போட்டார்.

அந்தச் சம்பாவில் பயிர் சாயவில்லை. விற்கிற பேச்சும் எழவில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போனால், அரை கிலோ மண்ணைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள், ஸார்!