பழைய பெட்டியில் புதுக் குடித்தனம்

மேசைமேல் ஒரு கேபினட், பக்கத் தகடு கழற்றப்பட்டு மல்லாந்து கிடக்கிறது. பழுத்து மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பு. அதில் பவர், ரீசெட், டர்போ என்று மூன்று பொத்தான்கள். பக்கத்திலேயே இரண்டு இலக்கம் காட்டும் சின்ன எண்பலகை. மேல்மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கறுத்திருக்கின்றன, பல ஆயுத பூஜைகளின் மிச்சம். வேலூரில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுத்த 486 கணினியின் கூடு இது. உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. சென்டர் வைத்திருந்தவரின் மகன் இப்போது சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். இந்தக் கூட்டுக்குள் ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டும் உட்கார வேண்டும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியக்கூடாது என்பது அவர் ஆசை.

இடம், ரிச்சி தெருவை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவில் ஒரு மாடி அறை. கீழே மெமரி கார்டும் சிசிடிவி கேமராவும் கூவி விற்கும் இரைச்சல். மேலே அசெம்பிள் செய்பவர் தனியாக வேலை பார்க்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. தெருவில் எல்லோருக்கும் அண்ணன். 1990களின் நடுவில் இதே தெருவில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர். இந்த வேலைக்கு அந்தப் பழைய அனுபவம் எவ்வளவு தேவை என்பது கொஞ்ச நேரத்தில் எனக்கே புரிந்தது.

புது போர்டைப் பழைய கேபினட்டில் வைத்து அவர் காட்டினார். உட்காரவே இல்லை. இது ஏடி வகைக் கேபினட், 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியின் வழிவந்தது. அந்தக் காலத்துப் போர்டில் நேராகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தது கீபோர்டு சொருகும் வட்டத் துளை ஒன்றுதான். பிரிண்டர், மவுஸ் போன்றவற்றின் சொருகிகள் ஒயர் இழுத்துத் தனித் தகடுகளில் பொருத்தப்பட்டிருக்கும். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுமுறையைக் கொண்டுவந்தபோதுதான் எல்லாச் சொருகிகளும் போர்டின் ஒரே ஓரத்தில் வரிசைகட்டின. அவற்றுக்காகக் கேபினட்டின் பின்னால் 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. அகலமும் உள்ள செவ்வகத் திறப்பு கட்டாயமானது. இந்தக் கூட்டில் அந்தத் திறப்பே கிடையாது. போர்டைத் தாங்கும் துளைகளில் சில பொருந்துகின்றன, பல பொருந்தவில்லை.

துளையை அளந்து வெட்டிவிடலாமே என்று கேட்டேன்.

“வெட்டலாம் சார். ஒரு மில்லி தப்பினா போதும், கார்டு ஏறாது. ஏத்தி அமுக்கிட்டா ஸ்லாட் போயிடும்” என்றார் அண்ணன். அவருடைய வழி வேறு. காயலான் கடையில் கிடைக்கும் ஒரு சாதாரண ஏடிஎக்ஸ் கேபினட்டை வாங்கி, போர்டு தாங்கும் தகட்டையும் பின்பக்கத்தையும் ஒட்டினாற்போல அப்படியே அறுத்தெடுத்து, பழைய கூட்டுக்குள் பதியம் போட்டுவிடுவது. அளவெல்லாம் தொழிற்சாலை போட்ட அளவு, சண்டை வராது.

அறுப்பது அவர் வேலையல்ல. கூவம் தாண்டினால் புதுப்பேட்டை. பழைய கார்களைப் பிரித்துப்போட்டு விற்கும் அந்தத் தெருக்களில் டிங்கர் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இடித்து நசுங்கிய கதவைத் தட்டி நேராக்கும் கைகளுக்குக் கேபினட் தகடு பெரிய விஷயமில்லை. அண்ணன் நாடிப் போகும் டிங்கர் அறுபது தாண்டியவர். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். கணினியை அவர் தொட்டதில்லை. தொடவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

பாய் கேபினட்டைக் கையில் தூக்கி விரலால் சுண்டினார். “பழைய தகடு தம்பி, நல்லா கனமா இருக்கு. இப்ப வர்றதெல்லாம் அப்பளம்.” ஆனால் உடனே கிரைண்டரை எடுக்கவில்லை. முதலில் ரிவிட்டுகளின் தலையை டிரில்லால் குடைந்து, உள்ளே இருந்த டிரைவ் கூண்டைக் கழற்றினார். நீளமான கிராஃபிக்ஸ் கார்டு அந்தக் கூண்டில் முட்டும். கூண்டுக்கு இனி வேலையும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கும் ஃபிளாப்பி டிரைவும் அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பதிலாக, 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள ஒரு எஸ்எஸ்டி போர்டிலேயே படுத்துக்கொள்கிறது.

இந்தப் பட்டறையில் நான் பார்த்த மிக நல்ல உத்தி, அண்ணன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த செத்த மதர்போர்டு. அறுத்தெடுத்த தகட்டில் பித்தளை ஸ்டட்டுகளைத் திருகி, செத்த போர்டை அதன்மேல் ஒன்பது ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினார். அதன் ஸ்லாட்டில் ஒரு செத்த கிராஃபிக்ஸ் கார்டு. இந்தக் கட்டை அப்படியே பழைய கூட்டுக்குள் இறக்கி, கார்டின் பின்தகட்டைக் கேபினட்டோடு ஸ்க்ரூ போட்டுப் பிடித்தபிறகுதான் பாய் கிளாம்ப் வைத்தார். 3.2 மி.மீ. துளை, ஒரு ரிவிட். எதிர்மூலையில் இன்னொன்று. ஒவ்வொரு ரிவிட்டுக்கும் பிறகு அண்ணன் கார்டைக் கழற்றி மறுபடி சொருகிப் பார்த்தார். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி 20.32 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாத சாய்வு இருந்தால்கூட இரண்டாவது ஸ்லாட்டில் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

வெட்டு விளிம்புகள் பிளேடுபோல நிற்கும். அதற்கு ஜி.பி. ரோட்டில் கிடைக்கும் கார் கதவு பீடிங்கை வாங்கி ஓரமெல்லாம் மாட்டினார்கள். கடைசியில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உள்மூலைகளைத் துழாவினார் பாய். சுருண்ட இரும்புத் தூள் ஒன்று பின்னாளில் போர்டின்மேல் விழுந்தால் மொத்தச் செலவும் வீண். உண்மையான போர்டை இந்தப் பட்டறைக்கு எடுத்துவரவே கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு.

இனி அந்தப் பவர் பொத்தான். பெரியவர்கள் இல்லாமல் இந்த வேலையில் இறங்கும் இளைஞர்கள் அடிபடும் இடம் இதுதான்.

இன்றைய கேபினட்டில் பவர் பொத்தான் வெறும் சைகை. போர்டில் இரண்டு ஊசிகளை ஒரு கணம் தொட்டுவிட்டால் போதும், மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புவது போர்டின் பொறுப்பு. ஏடி காலத்தில் அப்படியில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரமே தடித்த கறுப்புக் கேபிளில் முகப்புப் பொத்தான்வரை வந்து திரும்பிப்போகும். பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று நாலு ஒயர். இடம் மாற்றிச் சொருகினால் பொத்தானை அமுக்கியதும் டமார் என்று ஃபியூஸ் போகும். அப்படிப் போன கதைகள் அண்ணனிடம் நிறைய உண்டு. “அப்பல்லாம் ஒரு கையை பாக்கெட்டுல விட்டுக்கிட்டுத்தான் ஆன் பண்ணுவோம்” என்று சிரித்தார்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போய்விட்டதால் 230 வோல்ட் பயம் இப்போது இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. பழைய பொத்தானை அமுக்கினால் அமுங்கியபடியே நிற்கும். அதை அப்படியே புது போர்டில் கொடுத்தால் கணினி எழுந்து, நாலு விநாடியில் அணைந்துவிடும். பவர் பொத்தானை நாலு விநாடி விடாமல் பிடித்தால் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது இன்றைய போர்டுகளின் விதி. போர்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டாம்.

அண்ணன் பொத்தானின் சுவிட்சைத் தனியே எடுத்து, பக்கவாட்டில் இருந்த ஒரு மெல்லிய கம்பிக் கொக்கியைச் சாமணத்தால் உருவினார். அமுங்கியதும் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான். அது போனதும் பொத்தான் அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்துகொண்டது. பழைய பொத்தான், பழைய ‘டக்’ சத்தம், புது வேலை. கடையில் புதுச் சுவிட்ச் வாங்கிப் பசை போட்டு ஒட்டுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

எண்பலகையைப் பற்றிப் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. அது பிராசஸரின் வேகத்தை அளந்து காட்டியதில்லை. பின்னால் இருக்கும் சின்ன ஜம்பர்களை எப்படிச் சொருகினார்களோ அந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். டர்போ பொத்தானும் வேகத்தைக் கூட்டியதைவிட, பழைய மென்பொருள்களுக்காகக் குறைத்ததே அதிகம். 4.4 கிகாஹெர்ட்ஸ்வரை போகும் பிராசஸருக்கு எந்த எண் வைக்கட்டும் என்று கேட்டபோது, 66 என்றே இருக்கட்டும் என்றார் வாடிக்கையாளர். எஸ்எம்பிஎஸ்ஸின் சிவப்பு ஒயரிலிருந்து 5 வோல்ட் கொடுத்ததும் பச்சையாக எரிந்தது.

முகப்பை வெளுக்கும் வேலையை வாடிக்கையாளரே தன் வீட்டு மொட்டைமாடியில் செய்துகொண்டார். பியூட்டி பார்லர்களுக்குத் தலைமுடி நிறம் மாற்றப் போகும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் உறை சுற்றி, வெயிலில் வைப்பார்கள். சென்னை வெயிலுக்கு வேறு விளக்கு வேண்டாம். கிரீம் காய்ந்துபோனால் திட்டுத் திட்டாக வெளுக்கும் என்பதால் அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தனக் குங்குமம் இருந்த மூலையை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டார். அந்த இடம் மட்டும் பழைய மஞ்சளில் நிற்கிறது. பார்க்க நன்றாயில்லை என்பது அண்ணனின் கருத்து. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அது வாடிக்கையாளரின் அப்பா வைத்த பொட்டு.

உலோகக் கூட்டுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது அண்ணன் எர்த் பிரச்சினையை எடுத்தார். பவுடர் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்டட் உட்காரும் இடம், எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ ஏறும் இடம், புதுத் தகடும் பழைய தகடும் சேரும் இடம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். இல்லாவிட்டால் கேபினட்டின் ஒரு பாதி எர்த் இல்லாமல் நிற்கும். நம் வீடுகளில் கேபினட்டைத் தொட்டதும் சுருக்கென்று பிடிப்பதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் அது. பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையில் எர்த் சரியாக இருந்தால் தரைக்குப் போய்விடும். பெயின்ட் உரித்த இடங்களை மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபிறகே அண்ணன் பேச்சை விட்டார். பவுடர் கோட்டிங் யோசனையும் அத்தோடு கைவிடப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி காற்று. 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசஸர் தின்ற மின்சாரம் பத்து வாட்டுக்குள். அந்தக் கூட்டின் வெப்பத்தை வெளியேற்ற எஸ்எம்பிஎஸ் விசிறி ஒன்றே போதுமாக இருந்தது. இப்போது பிராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 115 வாட் என்று நிறுவனங்களே சொல்கின்றன. முகப்பில் காற்று நுழைய அடியில் நாலைந்து கீற்றுகள் மட்டும். டிரைவ் கூண்டு இருந்த காலி இடத்தில் 120 மி.மீ. விசிறி ஒன்றும், பின்னால் 80 மி.மீ. விசிறி ஒன்றும் பொருத்தினார்கள். முன்விசிறிக்குத் தூசி வடிகட்டி, கொசுவலை. பிராசஸர்மேல் உயரமான கூலர் வைக்க வழியில்லை, எஸ்எம்பிஎஸ் குறுக்கே தொங்குகிறது. ஆகவே தட்டையான கூலர்.

இதே வேலைக்கு ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கூட்டைக் கொண்டுவருபவர்களும் உண்டு. 2003இல் வந்த அந்த அலுமினியப் பெட்டியில் ஒன்பது விசிறிகள். காற்றோட்டத்தை நாலு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். காற்றுக்குக் கவலையில்லை. ஆனால் போர்டு தாங்கும் ஸ்டட்டுகள் ஏடிஎக்ஸ் அளவில் இல்லை, அலுமினியத்தில் பாயின் கேஸ் வெல்டிங் எடுபடாது. எம்-சீல் வைத்து ஒட்டிக் காயவிட வேண்டியதுதான். அழகான பெட்டி, வேலை செய்ய எரிச்சல் என்று இரண்டே சொல்லில் அதை முடித்துவிட்டார் அண்ணன்.

இதில் காசு பெரிதாக இல்லை. பாகங்களை ஆன்லைனில் வாங்கிவிட்டு, மாட்டித்தர மட்டும் வரும் கூட்டம்தான் இப்போது அதிகம். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வைத்த புதுக் கேபினட் மலிவாகவே கிடைக்கிறது; அதில் போர்டு மாட்ட அரை மணி போதும். இதற்கு அண்ணனின் நேரம், பாயின் கூலி, செத்த போர்டைத் தூக்கிக்கொண்டு கூவத்தைத் தாண்டும் அலைச்சல் எல்லாம் தனி. ஏடி கேபினட்டில் கைவைத்துப் பழகிய ஆட்கள் தெருவில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிச்சம் என்கிறார். அவரிடம் வேலை பழகும் பையன் எர்த் சரிபார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டான். தகடு வேலைக்குப் புதுப்பேட்டை வரச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறான்.

கூடு மூடியதும் முழுச் சுமை கொடுத்து ஓட்டினார்கள். அறையில் ஏசி இல்லை. பக்கத் தகடு திறந்திருந்தவரை அடங்கியிருந்த பிராசஸர், மூடிய சில நிமிடங்களில் 85 டிகிரியைத் தொட்டது. 5600க்கு உச்ச வரம்பு 90. ஓடும், ஆனால் மே மாதத்தில் திணறும். அண்ணன் கேபினட்டைக் கவிழ்த்து, அடித்தகட்டில் மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, விசிறி ஸ்க்ரூவுக்கு நாலு புள்ளி வைத்தார். போர்டை மறுபடி கழற்றியாக வேண்டும், செத்த போர்டு மறுபடி பைக்குள் போகவேண்டும். பாய்க்கு போன் போட்டார். வெள்ளிக்கிழமை பட்டறை பாதி நாள்தான், சனிக்கிழமை காலையில் எடுத்துவா என்றார் பாய்.